பரணில் கிடப்பதில் ஒரு குருவிக்கூடு

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் யாரும் குருவிக்கூட்டைத் தேடிப் போனதில்லை. கூடத்துச் சுவரில் தலை சாய்த்து மாட்டிய தாத்தா படத்துக்குப் பின்னால், உத்தரம் சுவரில் ஏறும் சந்தில், நாட்டு ஓட்டின் விளிம்புக்கு அடியில் என்று குருவி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது. வைக்கோல் துணுக்கு தரையில் விழும். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே பெருக்குவாள். ஆனால் கூட்டைக் கலைக்க விடமாட்டாள். இன்று கட்டும் வீட்டில் உத்தரமும் இல்லை, ஓடும் இல்லை. படத்தைச் சுவரோடு ஒட்ட அறைகிறோம். ஜன்னலுக்குக் கொசுவலை. சுவர் வழவழவென்று இருக்கிறது.

குருவியால் எதையும் குடைய முடியாது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மரங்கொத்தியும் குக்குறுவானும் பட்ட மரத்தைக் கொத்தித் தமக்கான பொந்தைச் செய்துகொள்ளும். சிட்டுக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், புள்ளி ஆந்தை, கூகை எல்லாம் ஏற்கெனவே இருக்கும் பொந்தைத் தேடி வருபவை. பொந்து கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு அவற்றுக்குக் குஞ்சு இல்லை. 2020-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை 25 ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் சொன்னது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்ற பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சி குறைந்ததும் பொந்து குறைந்ததும் நம் கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்கள். இரண்டாவதை நம் வீட்டிலேயே ஓரளவு சரிசெய்ய முடியும், பெரிய செலவு இல்லாமல்.

கூட்டுப்பெட்டி செய்ய நினைக்கும் பெரும்பாலானோர், கையில் என்ன பொருள் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் இடத்தைப் பாருங்கள். அடுத்தது துளையின் அளவு. பொருளைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றும் இந்த வரிசையில் அமைந்தால் பழைய சட்டிகூடப் போதும். மாறிப்போனால் கடையில் வாங்கிய அழகான தேக்குப் பெட்டியும் காலியாகவே தொங்கும்.

இடம்

வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும் அளவுகளும் படங்களும் குளிர்நாட்டுப் பறவைகளை மனத்தில் வைத்துப் போட்டவை. அங்கே குஞ்சுக்கு எதிரி குளிரும் ஈரமும். நம் ஊரில் எதிரி வெயில். குருவி ஏறக்குறைய ஆண்டு முழுவதும் முட்டையிடும் என்றாலும், மாசி முதல் வைகாசி வரை மும்முரமாக இருக்கும். அக்னி நட்சத்திரம் அதே காலத்தில்தான் வருகிறது. வேலூரிலும் கரூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். முட்டைக்குள் இருக்கும் கரு அந்தச் சூட்டை நெடுநேரம் தாங்காது. வெயில் நேரே விழும் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் வெளியே இருப்பதைவிட இன்னும் சூடு ஏறும். முட்டை கூமுட்டையாகிவிடும், குஞ்சு பொரித்திருந்தால் இறக்கை முளைக்கும் முன்பே வாசலில் தலை நீட்டித் தவிக்கும்.

ஆகவே மேற்குச் சுவரை மறந்துவிடுங்கள். கிழக்கு அல்லது வடக்குச் சுவரில், சன்ஷேடுக்கு அடியிலோ போர்டிகோவின் மூலையிலோ இடம் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே போய் நின்று உள்ளங்கையைச் சுவரில் வையுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் அது கூட்டுக்கு இடமில்லை. கடலோர மாவட்டங்களில் ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால், வாசல் அந்தப் பக்கம் பார்த்தபடி திறந்திருக்கக் கூடாது. கோவை, தேனிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆனி ஆடிக் காற்றின் திசையைப் பார்த்து வைக்க வேண்டும்.

உயரம் எட்டு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பூனை ஏறும் கைப்பிடிச் சுவர், தாவி வரக்கூடிய கிளை, ஏ.சி. பெட்டி ஆகியவை பக்கத்தில் இருக்கக் கூடாது. இரவு முழுவதும் எரியும் விளக்குக்கு அருகிலும் வேண்டாம். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், அதைத் தேடிப் பாம்பும் வரலாம். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கூடு அறைக்குள் வேண்டாம். அறைக்குள் நுழைந்து பழகிய குருவி, ஓடும் மின்விசிறியில் அடிபடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஜன்னல் விட்டத்தில் குருவி தானே வந்து கட்டிவிட்டால், குஞ்சு பறக்கும்வரை அந்த அறையில் மேசை விசிறியோடு சமாளியுங்கள்.

துளை

சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை போதும். அளவுகோலைத் தேட வேண்டாம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். நாணயத்தைப் பலகையில் வைத்து, அதன் விளிம்பிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டால் சரியாக 32 வந்துவிடும். தச்சரிடம் ஹோல்சா இருந்தால் ஒரு நிமிட வேலை.

இந்தச் சின்ன வட்டம்தான் கூட்டின் காவல்காரன். துளை பெரிதானால் மைனா உள்ளே நுழைந்து குருவியின் முட்டையை வெளியே தள்ளிவிட்டுக் குடியேறும். இன்னும் பெரிதானால் காகம் தலையை உள்ளே விடும். அணில் துளையின் ஓரத்தைக் கரம்பிப் பெரிதாக்கப் பார்க்கும். நடுவில் துளையிட்ட ஒரு தகரத் துண்டை வாசலைச் சுற்றி அறைந்துவிட்டால் அந்தத் தொல்லை விட்டது. தகரத்தின் விளிம்பை மட்டும் அரம் போட்டு மழுக்கிவிடுங்கள்.

துளைக்குக் கீழே பறவை உட்கார ஒரு குச்சி வைப்பது வழக்கமாகிவிட்டது. படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். குருவிக்கு அது தேவையில்லை. வாசலின் விளிம்பைப் பற்றிக்கொண்டே அது உள்ளே போய்விடும். குச்சியில் வசதியாக உட்காருவது காகமும் வல்லூறும்தான். வாங்கிய பெட்டியில் குச்சி இருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

துளை பெட்டியின் தரையிலிருந்து குறைந்தது 12 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். குருவி உள்ளே வைக்கோலை அடுக்கிக்கொண்டே போகும். ஆழம் இல்லாவிட்டால் குஞ்சு வாசலுக்கே வந்து கீழே விழும். தரையின் அளவு 12-க்கு 12 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 15 இருந்தால் நல்லது. மூன்று முதல் ஐந்து முட்டை இடும் பறவை அது. குஞ்சுகள் வளரும்போது இடம் நெருக்கினால் சூடும் ஏறும்.

பொங்கல் பானையும் தயிர்ச் சட்டியும்

தமிழ்நாட்டுக்கு மண்கலத்தைவிடப் பொருத்தமான கூட்டை நான் பார்த்ததில்லை. சூட்டை மெதுவாக வாங்கும், காற்று லேசாக ஊடாடும், உட்புறம் சொரசொரப்பாக இருப்பதால் குஞ்சின் நகத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். ஆண்டுதோறும் பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கும் வீடுகளில் போன வருடத்துப் பானை பரணில்தான் இருக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் கொள்ளும் கலயமாகப் பாருங்கள். அந்தக் கொள்ளளவில் உள்விட்டம் பதினைந்து சென்டிமீட்டரை ஒட்டி வரும்; குருவிக்கு அதுவே கணக்கு. சொம்பால் தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம்.

சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு தண்ணீரில் முழுக்க ஊறவிடுங்கள். ஊறிய மண் எளிதில் விரிசல் விடாது, தூசியும் பறக்காது. கலயத்தின் வயிற்றில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, நாணயக் கணக்கில் வட்டம் போடுங்கள். டிரில்லிங் மெஷின் இருந்தால் டைல்ஸுக்குப் போடும் பிட்டை மாட்டி, சுத்தியல் அடியை அணைத்துவிட்டு, மெதுவாக ஓட்டுங்கள். மெஷின் இல்லாவிட்டாலும் வேலை ஆகும். கூரான பெரிய ஆணியைக் கையால் திருகித் திருகி, கோட்டின் உட்புறமாக நெருக்கமான சின்னத் துளைகளைப் போட்டுக்கொண்டே வாருங்கள். சுற்று முடிந்ததும் நடுத்துண்டை விரலால் அழுத்தினால் கழன்று விழும். ஆணியைச் சுத்தியால் அடித்தால் பானை போயிற்று. பிசிறான விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். குருவியின் மார்பு ஒரு நாளில் எத்தனையோ தடவை அந்த விளிம்பில் உராயும். கலயத்தின் அடியில் ஈரம் வடிய நான்கு சின்னத் துளைகள் போதும்.

மேல் வாயை ஒரு மண் தட்டால் மூடிக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். அந்த மூடியைத் திறந்துதான் பின்னால் சுத்தம் செய்யப் போகிறீர்கள், எனவே சிமென்ட் வைத்து அடைத்துவிட வேண்டாம். கழுத்தில் கம்பியைச் சுற்றிச் சுவரின் கொக்கியில் மாட்டியபின், வயிற்றுப் பகுதியையும் இன்னொரு கம்பியால் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். காற்றில் ஊசலாடும் கலயத்தில் குருவி குடிவராது.

ஊரில் குயவர் சூளை இன்னும் எரிந்துகொண்டிருந்தால் வேலை இன்னும் சுலபம். பச்சை மண்ணாக இருக்கும்போதே துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். களிமண் காயும்போதும் சுடும்போதும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், பச்சையில் 36 மில்லிமீட்டர் துளை போட்டால் சுட்ட பிறகு 32-க்கு வந்து நிற்கும். தெருவுக்கே சேர்த்து இருபது கலயம் சொன்னால் விலையும் படியும், அவருக்கும் பொங்கல் தாண்டி ஒரு வேலை கிடைக்கும். பள்ளிக்கூடங்களும் குடியிருப்போர் சங்கங்களும் பிளாஸ்டிக் கூட்டுப்பெட்டியை மொத்தமாக வாங்கி விநியோகிப்பதைவிட இது எத்தனையோ மேல்.

ஊறுகாய் ஜாடி வேண்டாம். உள்ளே பளபளப்புப் பூசியிருப்பதால் குஞ்சுக்குக் கால் வழுக்கும். கொட்டாங்குச்சியில் கூடு செய்யும் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. ஒரு குருவிக் குடும்பத்துக்கு அந்த இடம் பற்றாது. அதில் தண்ணீர் வையுங்கள். சுரைக்குடுக்கை நன்றாகக் காய்ந்து கெட்டியாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். வட அமெரிக்கப் பழங்குடிகள் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கம்பத்தில் தொங்கவிட்டு ஊதாத் தகைவிலானுக்கு வீடு கொடுத்தார்கள். அக்கண்டத்தின் கிழக்குப் பகுதியில் இன்று அந்தப் பறவை ஏறக்குறைய முழுக்க மனிதர் வைக்கும் கூடுகளை நம்பியே குஞ்சு பொரிக்கிறது. கூடு வைக்கத் தொடங்கினால் ஆண்டுதோறும் வைத்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் சொல்ல முடியாது.

அட்டை, பைப்பு, தகரம்

பெரியவர்களின் ஷூ வந்த அட்டைப்பெட்டி, மழைச் சாரல் எட்டவே எட்டாத தாழ்வாரத்தில் ஒரு பருவத்துக்குத் தாங்கும். படுக்கவைக்காமல் நிறுத்திவைத்தால் நல்ல ஆழம் கிடைக்கும். சணல் கயிற்றால் கட்டுங்கள். வெளியே சாக்குத் துணி சுற்றினால் சூடு குறையும். செலோடேப்பின் பசைப் பக்கம் உட்புறம் எங்கும் தெரியக் கூடாது, குஞ்சின் இறகு ஒட்டிக்கொள்ளும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்களுக்கும், குழந்தைகளோடு சேர்ந்து ஒரு மதியத்தில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் இது ஏற்றது. பருவம் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செய்துகொள்ளலாம்.

பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. பைப்புத் துண்டு எல்லா வீட்டு மாடியிலும் கிடக்கும். நான்கு அங்குலப் பைப்பு குருவிக்கு இறுக்கம். ஆறு அங்குலம் பரவாயில்லை. இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, அடியையும் மேலையும் பலகை வட்டத்தால் அடையுங்கள். மேல் பலகைக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் காற்றுத் துளை போடுவதை மறக்க வேண்டாம், ஏனென்றால் பிளாஸ்டிக் சுவாசிக்காது. உட்சுவர் வழுக்கும் என்பதால் வாசலுக்குக் கீழே ஆக்சா பிளேடால் குறுக்குக் கோடுகள் கீறிவிடுங்கள், அல்லது ஒரு சாக்குத் துண்டைப் பதித்துவிடுங்கள். முழு நிழலில் மட்டுமே இது ஆகும்.

எண்ணெய் டின், பெயின்ட் டப்பா, பால்பவுடர் டப்பா ஆகியவற்றில் கூடு வேண்டாம். நிழலில் வைத்தாலும் காற்றின் சூட்டையே வாங்கி உள்ளே இறக்கும். அந்த டின்னை வெட்டித் தகடாக விரித்து, மரப்பெட்டிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு இரண்டாவது கூரையாக அறையுங்கள். நடுவில் காற்று ஓடுவதால் பெட்டிக்குள் சூடு நன்றாகவே இறங்கும். தகரம் குருவிக்கு உதவுவது அந்த வழியில்தான்.

பழைய ஸ்பீக்கர் பெட்டி

ஒரு காலத்தில் டேப்ரெக்கார்டரோடு வாங்கிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் வேலை போன பிறகு பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. பழைய இரும்புக் கடையிலும் இரண்டாக மூன்றாகக் கிடைக்கும். கூட்டுப்பெட்டிக்கு இதைவிடத் தயாரான பொருள் கிடைப்பது அரிது. தடித்த பலகை, மூலை மூலைக்கு ஒட்டிய உறுதி, முன்பக்கம் ஏற்கெனவே வட்டத் துளை.

ஸ்பீக்கரையும் ஒயரையும் கழற்றி எடுங்கள். உள்ளே அடைத்திருக்கும் பஞ்சை ஒரு துணுக்கு விடாமல் நீக்க வேண்டும். குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் கால் அழுகிவிடும். முன்துணியைக் கிழித்துவிட்டு, ஸ்பீக்கர் இருந்த பெரிய துளையின் மேல் ஒரு பிளைவுட் துண்டை நான்கு திருகாணியால் மாட்டுங்கள். அந்தத் துண்டில் 32 மில்லிமீட்டர் துளை. திருகைக் கழற்றினால் சுத்தம் செய்யும் கதவும் அதுவே. பின்பக்கம் ஒயர் வெளியே வந்த துளையைக் காற்றுக்கு விட்டுவிடலாம். பெட்டி மரத்தூள் பலகையால் ஆனதாக இருந்தால் ஒரே மழையில் அப்பளம் போல உப்பிவிடும், ஆகவே சன்ஷேடுக்கு அடியிலேயே வையுங்கள். பெயின்ட், வார்னிஷ் எதையும் உள்ளே அடிக்காதீர்கள். வெளியே சுண்ணாம்பு அடித்தால் வெயில் தெறிக்கும்.

உயரமான இரட்டை ஸ்பீக்கர் பெட்டி கிடைத்தால் நடுவில் ஒரு பலகை வைத்து மேலும் கீழும் இரண்டு வீடாக்கலாம். குருவிகள் கூட்டமாக வாழ்பவை. பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் சீக்கிரம் குடிவரும். ஒற்றைப் பெட்டியைவிட மூன்று நான்கு பெட்டிகள் ஒரே சுவரில் இருப்பது நல்லது.

மேசை டிராயர், குண்டுக்கரிச்சானுக்கு

கறுப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிக்கொண்டு, விடியும் முன்பே மதில்மேல் நின்று பாடும் குண்டுக்கரிச்சானைத் தோட்டமுள்ள வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். வங்கதேசத்தின் தேசியப் பறவை அது. மரப்பொந்திலும் சுவர் ஓட்டையிலும் கூடு வைக்கும். வாசல் அகலமாக இருக்க வேண்டும் என்பது அதன் விருப்பம்.

உடைந்த மேசையின் டிராயர் இதற்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி அமையும். டிராயரை நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். திறந்த பக்கத்தின் கீழ்ப்பாதியை ஒரு பலகையால் மூடுங்கள். மேலே ஒரு கையகலம் விட்டுவிட்டு மிச்சத்தையும் மூடுங்கள். அந்தக் கையகலத் திறப்புதான் வாசல். கொடி படர்ந்த சுவரிலோ, நிழலான மாமரத் தண்டிலோ, ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். இந்தப் பறவை தன் எல்லைக்குள் இன்னொரு ஜோடியைச் சேர்க்காது என்பதால் ஒரு தோட்டத்துக்கு ஒன்று போதும். வாசல் அகலமாக இருப்பதால் பூனைக்கும் வசதி; மரத்தண்டில் மாட்டினால் கீழே ஒரு தகரப் பட்டையைச் சுற்றி அறைந்துவிடுங்கள்.

மைனாவுக்காகத் தனியாக மெனக்கெட வேண்டாம். குழாய் முனை, பெயர்ப்பலகை இடுக்கு, தென்னை மரப்பொந்து என்று அது எங்கும் பிழைத்துக்கொள்ளும். கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு, தூக்கணாங்குருவி, சில்லை ஆகியவை பெட்டிக்குள் நுழையவே நுழையா. அவை தாமே கட்டிக்கொள்பவை. அவற்றுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, வேலியோரச் செம்பருத்தியையும் மருதாணியையும் பங்குனி சித்திரையில் வெட்டாமல் விடுவது.

வயல் உள்ளவர்களுக்கு: கூகை

வீட்டில் அலமாரி, பிரிட்ஜ் போன்றவை வந்திறங்கிய மரப்பேக்கிங் பெட்டியை விறகாக்காமல் வைத்திருந்தால், அது வயலில் ஒரு கூகைக் குடும்பத்துக்கு ஆகும். அகலம் 45, ஆழம் 45, உயரம் 60 சென்டிமீட்டர். வாசல் 15 சென்டிமீட்டர். பம்புசெட்டு அறையின் உட்கூரையிலோ, தனித்த உயரமான கம்பத்திலோ, தரையிலிருந்து பதினைந்து அடிக்கு மேலே வையுங்கள். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த இப்படித்தான் கூகைக்குப் பெட்டி வைத்து வருகிறார்கள். ஒரு கூகை ஓர் இரவில் இரண்டு மூன்று எலிகளைத் தின்னும். குஞ்சு இருக்கும்போது வேட்டை இன்னும் கூடும்.

ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சால் எத்தனையோ கூகைகள் கல்லடி பட்டுச் செத்திருக்கின்றன. நெல் அறுக்கும் காலத்தில் எலி வளையைத் தோண்டிக் கதிரை எடுத்த எவரும் அந்தப் பறவையைச் சபிக்க மாட்டார்கள். பெட்டி வைத்த வயலில் புரோமாடியலோன் கலந்த எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும்.

மாட்டிய பிறகு

மார்கழி தை மாதத்தில் மாட்டிவிட்டால் பறவைக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். உள்ளே ஒரு கைப்பிடி வைக்கோலோ காய்ந்த புல்லோ போடலாம். நைலான் நூல், தலைமுடி, மாஞ்சா நூல் வீட்டைச் சுற்றி எங்கும் கிடக்கக் கூடாது. கூட்டுக்குப் பக்கத்திலேயே தீனித் தட்டை வைக்காதீர்கள். தீனிக்கு வரும் காகத்துக்குக் கூட்டையும் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சற்றுத் தள்ளிக் கம்பு, தினை, நொய் போடுங்கள், அகலமான மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். குஞ்சு தானியம் தின்னாது. முதல் நாட்களில் அதற்கு வேண்டியது புழுவும் மென்மையான பூச்சியும். அதனால்தான் கூடு வைத்த வீட்டில் செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது என்கிறேன். முருங்கைக் கம்பளிப்பூச்சியைக் கண்டு அருவருப்பது இயல்பு. ஆனால் கறிவேப்பிலையில் நெளியும் பச்சைப் புழுவைக் குருவிக்கு விட்டுவிடுங்கள்.

ஆண் குருவி வாசலில் உட்கார்ந்து விடாமல் கத்தினால் குடிவரத் தீர்மானித்துவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். அடைகாக்கும் காலம் பன்னிரண்டு நாட்களை ஒட்டி. அதன்பின் குஞ்சு பறக்க இரண்டு வாரம். எல்லாமே ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். எறும்பு ஏறினால் கம்பியின் மேல் நுனியில், பறவை தொடாத இடத்தில், கிரீஸ் தடவிய துணியைச் சுற்றுங்கள்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது. தாய் அருகில்தான் இருக்கும். பூனை வராத செடி மறைவில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகே முளைக்காத குஞ்சு விழுந்தால் எடுத்துக் கூட்டுக்குள் வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. எடுத்து வளர்க்க மட்டும் கூடாது. காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் அடைத்து வளர்ப்பதும் 1972-ம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நீங்கள் வைத்த பெட்டியை விட்டுவிட்டு, பறவை மீட்டர் பெட்டியிலோ ஸ்கூட்டர் ஹெல்மெட்டிலோ முட்டையிடுவதும் உண்டு. 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டபோது, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேலாக ஊர்க்காரர்கள் தெருவிளக்கைப் போடாமலே இருந்தார்கள். நம் ஹெல்மெட்டைச் சில வாரம் விட்டுக்கொடுக்கலாம்.

குஞ்சுகள் போன பிறகு ஒரு வாரம் பொறுத்து, பெட்டியைக் கழற்றுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பழைய கூட்டில் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பறவைச் செல் மொய்த்திருந்தால் கலயத்திலும் மரப்பெட்டியிலும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். காய்ந்ததும் அதே கொக்கியில், அதே திசையில் மாட்டுங்கள். குருவி ஓராண்டில் இரண்டு மூன்று ஈடு முட்டையிடும் என்பதால், காலியான பெட்டிக்கு அதே ஜோடி சில வாரத்திலேயே திரும்பிவரக்கூடும். முதல் ஆண்டு யாரும் வராவிட்டால் பெட்டியை மாற்றாதீர்கள். இடத்தை மட்டும் பத்தடி தள்ளி, இன்னும் நிழலான மூலைக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு பருவம் காலியாகவே இருந்தால் தெருவில் குருவி இருக்கிறதா என்று காலையில் காது கொடுத்துக் கேளுங்கள். இருக்கும் தெருவில் பெட்டி நிரம்பும். இல்லாத தெருவில் முதலில் செடியும் தண்ணீரும் வைத்து, குருவி இருக்கும் பக்கத்துத் தெருக்காரரிடம் உங்கள் கலயத்தைக் கொடுத்துவிடுங்கள். அங்கே பெருகினால் இங்கேயும் வரும்.